திறந்த முட்டியும் மூடிய பாட்டிலும்

தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாறு, முட்டிக்குள் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டியின் உட்புறத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரிகள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. காலையில் இனித்த சாறு உச்சிவேளையில் நுரைத்து நிற்கும். அன்று மாலைக்குள் அதில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு சாராயச் சத்து சேர்ந்துவிடும். மறுநாள் புளிப்பு மிஞ்சும், இன்னும் சில நாள் வைத்தால் காடியாகிவிடும். புளித்துக்கொண்டிருக்கும் கள்ளைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிவைத்தால், வாயு வெளியேற வழியின்றி மூடி தெறிக்கும், சில சமயம் பாட்டிலே வெடிக்கும். அதனால்தான் கள் விற்பவர் பாட்டில் மூடியைத் தளர்வாகவே வைப்பார்.

ஆக, கள் என்பது மூடி வைக்க முடியாத பானம். இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குடித்தாக வேண்டும். மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் எங்கே குடித்தார்கள், எப்போது குடித்தார்கள், யார் கண்ணில் படும்படி குடித்தார்கள் என்பதையெல்லாம் பல பத்தாண்டுகள் தீர்மானித்தது இந்த ஒரே குணம்தான். இன்று அந்தப் பானத்தின் இடத்தில் இறுக மூடிய பாட்டில் இருக்கிறது. குடியின் அளவை மட்டும் பேசுகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அன்று

கெடா 1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லயம், பால் ஸ்டோர், கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி என்று ஒரு தோட்டத்துக்கு வேண்டியவை ஒவ்வொன்றாக முளைத்தன. பல தோட்டங்களில் அவற்றோடு கள்ளுக்கடையும் முளைத்தது.

அந்தக் கடையை யாரும் ஒளித்து நடத்தவில்லை. அரசாங்கம் உரிமம் கொடுத்தது, நிர்வாகம் நடத்தியது. மிஞ்சிய பணம் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்று கணக்குக் காட்டினார்கள். தொழிலாளி குடித்த காசிலிருந்தே அவனுக்கு விழாவும் விளையாட்டும் நடந்தன.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு ரப்பர் பாலுக்காக மரம் வெட்டு. பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றி, நிறுத்து முடிக்கும்போது நண்பகல் தாண்டியிருக்கும். அன்று காலையில் இறக்கிய கள் குடிக்கும் பதத்துக்கு வரும் நேரமும் அதுதான். உடம்பு ஓய்ந்து போன வேளை, கையருகே கடை. சம்பள நாளன்று கடையில் கூட்டம் நெரியும். மனைவியும் அதே காட்டில் மரம் வெட்டியவள்தான். கணவனின் சம்பளத்தில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பது மட்டும் அவள் கையில் இல்லை.

துரைமார்கள் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளி சம்சு என்னும் வடிசாராயத்தைத் தேடிப் போவான், கள் அதைவிடத் தீங்கு குறைந்தது என்பதே அது. கள்ளைவிடச் சம்சு கடுமையானது என்பது உண்மை. ஆனால் மக்களைத் தோட்டத்துக்குள் அடைத்துவைத்து, கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து, அந்தக் காசைத் திரும்பப் பெற வாசலிலேயே ஒரு கடையும் போட்டு வைத்தவர்கள் அதைத் தொழிலாளியின் நன்மைக்கென்று சொன்னது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தொழிலாளர்களுக்கும் அது ஏற்புடையதாக இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

பீடோங், 1947

ஜப்பானியர் காலம் முடிந்ததும் கள்ளுக்கடைகளை மூடும் அந்தக் கோரிக்கை மிக உரக்க ஒலித்தது கெடாவில்தான். ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் நம் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கும் அணிவகுப்பும் அதில் தெரிந்தன. தொண்டர்கள் லயத்துக்கு லயம் போய்க் குடியை விடச் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தாங்களே கண்டித்தார்கள், தண்டிக்கவும் செய்தார்கள். அதில் கடுமை இருந்தது. ஆனால் துரையின் சொல்லும் கிராணியின் சொல்லும் மட்டுமே சட்டமாக இருந்த இடத்தில், தொழிலாளர்கள் தங்களுக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டது அதுவரை காணாத ஒன்று.

1947 பிப்ரவரி இறுதியில் தொழிலாளர்கள் பீடோங் கள்ளுக்கடையை மறிக்கப் போனார்கள். போலீஸ் அவர்களைத் தாக்கியது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் இறந்தார். அடுத்த சில நாள்களில் மோதலும் கைதுகளும் தொடர்ந்தன. ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் இன்னோர் உயிர் போனது. மறு ஆண்டு, 1948இல் அவசரகாலம் வந்தது. தோட்டத் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, தொண்டர் படையின் கதையும் அதோடு அமுங்கிப் போனது.

கெடாவில் பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த வரலாறு தெரியாது. கள் வேண்டாம் என்று சொல்லி ஒரு தொழிலாளி உயிர்விட்ட மண் இது. பீடோங்கில் அதற்கொரு நினைவுக்கல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் போராட்டம் ஏன் நடக்க முடிந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். அங்கே ஒரு கடை இருந்தது. அதற்கு ஒரு வாசல் இருந்தது. இன்ன நேரத்தில் இன்னார் அங்கே இருப்பார் என்பது ஊருக்கே தெரியும். மூடி வைக்க முடியாத பானம் குடிப்பவரை ஒரே இடத்துக்குக் கூட்டி வந்தது. அந்த இடத்தை மறிக்கவும் முடிந்தது.

இன்று

சுதந்திரத்துக்குப் பின் தோட்டக் கள்ளுக்கடைகள் சிறுகச் சிறுக மறைந்தன. தோட்டங்களே மறைந்தன என்று சொல்வதுதான் சரி. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பால் வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். தொண்டர்கள் அணிவகுத்த ஹார்வர்ட்டின் பெயரை இன்று ஒரு கோல்ஃப் மைதானம் தாங்கி நிற்கிறது. லயத்தில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். தென்னையும் கள்ளும் பின்தங்கிவிட்டன. குடி மட்டும் கூடவே வந்தது.

வந்த குடி வேறு வகை. கள்ளைப் போலப் புளித்துக்கொண்டே இருக்கும் பானம் இல்லை அது. புளிப்பு முடிந்து, வடித்து, சாராயச் சத்தை ஏற்றி, மூடியில் முத்திரை குத்தி வந்தது. சம்சுவில் சாராயச் சத்து கள்ளைவிடப் பல மடங்கு. சிறு பாட்டிலாக மளிகைக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைத்தது, சட்டைப்பையில் அடங்கியது. மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. கள்ளுக்கு நேரம் உண்டு, இதற்கு இல்லை. காலையிலும் குடிக்கலாம், பூட்டிய அறைக்குள்ளும் குடிக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சம்சுவுக்கு எதிராகப் பேசி வந்திருக்கிறது.

பீரின் கதையும் மூடியின் கதைதான். மலேசியாவில் கின்னஸ் ஆலை 1960களின் நடுவில் சுங்கை வேயில் எழுந்தது, கார்ல்ஸ்பெர்க் 1972இல் ஷா ஆலாமில் காய்ச்சத் தொடங்கியது. சிலாங்கூரில் செய்த பீர் சுங்கை பட்டாணி உணவகத்துக்கு நுரை குறையாமல் வந்து சேர்வது எப்படி? எஃகுப் பீப்பாய்க்குள் அதைக் கரியமில வாயுவோடு அடைத்து அனுப்புகிறார்கள். உணவகத்தில் இன்னொரு உருளையிலிருந்து அதே வாயுவைச் செலுத்தி, குழாய் வழியே பீரை மேலே தள்ளுகிறார்கள். இங்கே எல்லாமே இணைப்பின் இறுக்கத்தில் இருக்கிறது. குழாயை மாட்டும் இணைப்பியின் முனையில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். குழாயின் உள்விட்டம் அந்த முனையைவிடச் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். அப்படியே திணித்தால் ஏறாது. குழாயின் நுனியைச் சுடுநீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் அது இளகும், அந்தச் சூட்டோடு அழுத்தி ஏற்ற வேண்டும். ஆறியதும் குழாய் சுருங்கிப் பற்களைக் கவ்விக்கொள்ளும். மேலே ஒரு வளையத்தைப் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. சுலபமாக நுழையும் பெரிய குழாயைப் போட்டால் வாயு கசியும், பீர் சப்பென்று போகும். மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால் வீட்டில் காய்ச்சும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

கள் இறக்கியவர் வாயுவை வெளியேற விட்டார். பீர் ஆலை அதை உள்ளேயே பிடித்து வைக்கிறது. அடைத்து வைக்கும் இந்தத் திறமைதான் பானத்தை மரத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் ஊராரின் பார்வையிலிருந்தும் விடுவித்தது.

மூடி ஒன்றை மறைக்கவும் செய்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும், பிறகு உயிரையே எடுக்கும். முகர்ந்தோ சுவைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. கெட்ட கள்ளை நாக்கே காட்டிக்கொடுக்கும். முத்திரை குத்திய போலிப் பாட்டிலை எதுவும் காட்டிக்கொடுக்காது.

இதற்கு முன்பே அரசாங்கமும் மூடியின் வழியாகவே மலிவு மதுவைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 2016இல் திருத்திய உணவு விதிமுறைகள் மது வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கின. மலிவான கலப்பு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடி பாட்டிலில்தான் விற்கலாம் என்றும் சொல்லின. 2017 டிசம்பரில் இவை நடைமுறைக்கு வந்தன. சட்டைப்பைப் பாட்டிலை ஒழிப்பதே நோக்கம். நல்ல விதிதான், முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் பெரிய பாட்டிலைப் பங்கு போட்டு வாங்க நான்கு பேர் சேர்ந்தால் போதும்.

மறிக்க வாசல் இல்லாத காலம்

கள்ளுக்கடைக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடை எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். கள் உடம்புக்கு நல்லது என்று இன்று சிலர் பேசுவதும் அந்தப் பெண்களின் நினைவுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் 1947இன் போராட்டத்தை நாம் தவறாகப் புரிந்துகொண்டோம். கடை மூடினால் குடி போகும் என்று நம்பினோம். தொண்டர் படையின் வலிமை கடையை மறித்ததில் மட்டும் இருக்கவில்லை. லயத்துக்கு லயம் ஏறி இறங்கியதில் இருந்தது. யார் குடிக்கிறார், எந்த வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடை போனது, லயமும் போனது, அதோடு ஒருவரையொருவர் அறிந்திருந்த அந்தப் பழக்கமும் போனது. இன்று தாமானில் அடுத்த வீட்டில் ஒருவர் பத்தாண்டாகக் குடித்தே அழிந்தாலும், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் நாளில்தான் நமக்குத் தெரிகிறது.

மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் குடியை மறியலால் தொட முடியாது. வீடு வீடாகப் போகும் மனிதர்களால் தொட முடியும். கெடாவில் தாமான் தோறும் கோயில் நிர்வாகம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, இளைஞர் மன்றம் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடத் திரளும் கைகளில் பாதி போதும். குடிக்கும் அண்ணனை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக ஒருவர், அவர் மனைவியிடம் பேச ஒரு பெண், பிள்ளைகளின் பள்ளி வருகையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் என்று ஒவ்வொரு தாமானிலும் ஒரு சிறு குழு வேண்டும். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் தேவையில்லை. குடிநோய்க்கு மருத்துவம் உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். அன்றைய தொண்டர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களிடமிருந்து அக்கறையை எடுத்துக்கொள்வோம், கடுமையை விட்டுவிடுவோம். ஒரு தாமானில் பத்துப் பேர் இந்த மாதமே கூடிப் பேசினால், பீடோங்கில் பாதியில் நின்ற வேலை மீண்டும் தொடங்கும்.