லாரி எலக்ட்ரீஷியன் படகில் ஏறினால்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரி எலக்ட்ரிக் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றுவது, ஆல்டர்னேட்டரைச் சரிசெய்வது, கூண்டு கட்டிய புது லாரிக்கு முழு வயரிங்கும் இழுப்பது எல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவந்த வேலை. சங்ககிரியிலிருந்து எடப்பாடி வழியாகப் போனால் பூலாம்பட்டி. கதவணையில் தேங்கிக் காவிரி அங்கே அகன்று கிடக்கிறது. சேலம் மாவட்டக் கரையிலிருந்து எதிரே ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் மக்கள் போய் வருகிறார்கள். ஏற்காடு ஏரியிலும் படகுகள் ஓடுகின்றன. லாரிக்கு வயரிங் செய்யத் தெரிந்தவர் படகுக்கும் செய்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். பெரும்பகுதி உண்மைதான். பேட்டரி, ஆல்டர்னேட்டர், செல்ஃப், ரிலே, ஃபியூஸ் எல்லாம் அதே சாமான்கள். ஆனால் மிச்சமிருக்கும் வித்தியாசம் சிறிதானாலும் பயணிகளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதல் வித்தியாசம் எர்த். லாரியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சேஸிஸில் கட்டிவிடுகிறோம். பிறகு ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பாசிட்டிவ் வயர் போதும்; திரும்பும் மின்சாரம் இரும்பு உடல் வழியே பேட்டரிக்கு வந்துவிடும். படகில் இந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். மரப் படகிலும் ஃபைபர் படகிலும் உடல் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பாடி எர்த் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரும்பு அல்லது அலுமினியப் படகில் அது வேலை செய்யும், ஆபத்தும் அங்கேதான். உடலில் ஓடும் மின்சாரத்தில் கொஞ்சம் தண்ணீர் வழியாகவும் போகும். போகும் இடத்தில் உலோகத்தைக் கரைத்துக்கொண்டே போகும். பல ஆண்டு தாங்க வேண்டிய தகடு இப்படிக் கசியும் மின்சாரத்தால் சில வாரங்களிலேயே ஓட்டையாகலாம். ஆகவே படகில் ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு வயர்: போக ஒன்று, வர ஒன்று.

கசிவே இல்லாவிட்டாலும் தண்ணீர் சும்மா இருக்காது. பித்தளை, இரும்பு போல இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நீரில் மூழ்கியிருந்தால் அதுவே ஒரு பேட்டரி. இரண்டில் எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் அரிக்கப்படும். பிரிட்டிஷ் கடற்படை இதை நட்டத்தோடு கற்றது. மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து காக்க 1761-இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது செம்பு நன்றாக இருந்தது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள்தான் அரித்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் தங்கிய இடங்களில் ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். காக்க வேண்டிய உலோகத்தோடு அதைவிட எளிதில் அரிக்கப்படும் துத்தநாகம் போன்ற ஒன்றை இணைத்துவிட்டால், அரிப்பு அதன் தலையில் விழும், மற்றது பிழைக்கும்.

இன்றும் படகின் புரொப்பெல்லர், தண்டு, சுக்கான் அருகே ஓர் உலோகக் கட்டை திருகப்பட்டிருப்பது இதற்காகத்தான். தேய்வதே அதன் வேலை. பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பெயிண்ட் அடித்து அழகாக்குகிறவர்கள் உண்டு. பெயிண்ட் பூசிய கட்டை எதையும் காப்பாற்றாது.

நம் பக்கத்துக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கடற்கரை ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் துத்தநாகக் கட்டை. உப்பு நீரில் அது நன்றாக உழைக்கும். காவிரி போன்ற நன்னீரில் அதன் மேல் ஆக்சைடு படலம் படிந்து, மெல்ல மெல்லச் செயலற்றுப் போகும். பார்க்கத் தேயாமல் புதிதாக இருக்கும், உரிமையாளருக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், ஆனால் அரிப்பு புரொப்பெல்லருக்குப் போய்விட்டிருக்கும். நன்னீருக்கு ஏற்றது மெக்னீசியக் கட்டை. அதன் மின்னழுத்தம் துத்தநாகத்தைவிட அதிகம் என்பதால் மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஆற்று நீரிலும் அது வேலை செய்யும். அதையே கடலில் மாட்டினால் வேகமாகக் கரைந்து தீர்ந்துவிடும். மெக்னீசியத்தின் தாது சேலத்தின் சொத்து. நகரின் ஓரத்தில் தோண்டியெடுக்கும் வெள்ளைக்கல்தான் மேக்னசைட். அதன் பெயரில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அந்தக் கல் பெரும்பாலும் உலைகளுக்கான செங்கல்லாகத்தான் போகிறது. ஆனாலும் படகின் அடியில் தேயும் அந்தக் கட்டைக்கும் இந்த மண்ணுக்கும் உறவு உண்டு என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அடுத்தது வயர். வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி வயர் படகுக்கு ஆகாது. என்ஜின் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். பல மெல்லிய இழைகளை முறுக்கிய செப்பு வயர் வேண்டும், இழைகளுக்கு வெள்ளீயம் பூசியிருந்தால் நல்லது. பூசாத செம்பில் ஈரம் ஏறிப் பச்சை பூத்து, உறைக்குள்ளேயே வெகுதூரம் அரித்துப் போகும். வயரின் தடிமனையும் கணக்கிட்டே எடுக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கும் பம்ப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் ஏறக்குறைய 0.8 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும், அதாவது 7 சதவீதம். 6 சதுர மி.மீ. போட்டால் 3 சதவீதத்துக்குள் நிற்கும். பம்ப், வழிகாட்டு விளக்கு போன்ற உயிர்காக்கும் சாதனங்களுக்கு 3 சதவீதம்தான் எல்லை என்பது படகுத் துறையின் பரவலான விதி. 24 வோல்ட் லாரியில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதே வேலைக்கு 12 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. லாரியில் புகை வந்தால் ஓரங்கட்டி இறங்கி ஓடலாம். நடு ஆற்றில் இறங்க இடமில்லை. அதே காரணத்துக்காகப் பேட்டரியும் இரண்டு வேண்டும்: என்ஜினைக் கிளப்ப ஒன்று, விளக்கு, பம்ப், ஹார்னுக்கு மற்றொன்று. விளக்கை எரியவிட்டு மறந்தாலும் கிளப்பும் பேட்டரி தொடப்படாமல் இருக்கும். சார்ஜ் ஆகும்போது ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கம் காற்று வழி விட வேண்டும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, அது கீழே தங்கும். பெட்ரோல் என்ஜின் உள்ளே பொருத்திய படகில், ஊதும் விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் செல்ஃபைத் தொட வேண்டும். அங்கே வைக்கும் ஸ்விட்ச், செல்ஃப், ஆல்டர்னேட்டர் எல்லாமே தீப்பொறி வெளியே வராத வகையாக இருக்க வேண்டும். லாரிக்கான சாமான் விலை குறைவென்று மாட்டிவிடக் கூடாது.

இனி மின்படகுகளின் காலம். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் ஆதித்யா என்ற சூரிய மின்படகு 2017 முதல் ஓடுகிறது. கொச்சி வாட்டர் மெட்ரோ 2023-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட படகுகள் நம் ஏரிகளுக்கு வரும்போது படகுத்துறையில் 230 வோல்ட் சார்ஜரும் கூடவே வரும். நன்னீரில் ஏசி மின்சாரம் கசிந்தால் கடலைவிட ஆபத்து அதிகம். உப்பு நீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் மின்சாரம் ஆளைச் சுற்றிப் போய்விடும். ஆற்று நீரைவிட உப்புள்ள நம் உடல் நல்ல கடத்தி, ஆகவே நீந்துகிறவர் உடல் வழியே பாயும். கை கால் மரத்து, கத்தக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார். கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத படகுத்துறையில் சார்ஜர் வைக்கவே கூடாது, அருகில் யாரையும் குளிக்க விடவும் கூடாது.

கடைசியாக, நான் மிக முக்கியம் என்று நினைப்பது படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப். அடியில் நீர் ஏறியதும் மிதவை ஸ்விட்ச் உயர்ந்து பம்பைத் தானாக ஓட்டும். இந்த இணைப்பு மெயின் ஸ்விட்சுக்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகப் போக வேண்டும். இரவில் மெயினை அணைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போன பிறகும் பம்ப் விழித்திருக்க வேண்டும் அல்லவா?

ஐடிஐ முடித்து லாரிப் பட்டறையில் இருக்கும் தம்பிகள் இந்த வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். படகு வைத்திருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். தினமும் முதல் ஆளை ஏற்றும் முன் அந்த மிதவை ஸ்விட்சைக் கையால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓடவில்லையென்றால், அதைச் சரிசெய்யும்வரை படகை எடுக்காதீர்கள்.