பேப்பர் இருக்கு... இன்சூரன்ஸ் இருக்கா?

ராத்திரி 10 மணி. மவுண்ட் ரோடு. போலீஸ்காரர் கை காட்டுகிறார். கார் ஒன்று ஓரம் கட்டுகிறது.

"இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

"இருக்கு சார். இதோ!"

டேஷ்போர்டுக்குள் இருந்து நாலாக மடித்த பேப்பர் வெளியே வருகிறது. போலீஸ்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த சின்ன மிஷினில் கார் நம்பரைத் தட்டுகிறார். பிறகு மிஷினைக் கார்க்காரர் பக்கம் திருப்புகிறார்.

"முடிஞ்சு போச்சுன்னு வருதே சார்!"

கார்க்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு மாசம் முன்னாடிதான் பணம் கட்டினேன் சார். பேப்பரைப் பாருங்க..."

வண்டி சோதனை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழும். பேப்பர் சரியா, மிஷின் சரியா? சில சமயம் மிஷினில் பதிவு தப்பு. சில சமயம் பேப்பரே போலி! எது என்று தெரிந்துகொள்ள, அந்தப் பதிவு எங்கே, எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

கவர் நோட் காலம்

இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் வண்டி ஓடக்கூடாது என்ற சட்டம் புதிது அல்ல. 1946 ஜூலை 1-ந் தேதியே அமுலுக்கு வந்துவிட்டது. 1973-ல் ஜெனரல் இன்சூரன்ஸ் தொழில் முழுவதும் 4 அரசு கம்பெனிகள் கைக்கு வந்தது. அப்போது ஏஜெண்டு வீட்டுக்கே வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, கையால் ஒரு 'கவர் நோட்' எழுதிக் கொடுப்பார். பாலிசி பின்னால் தபாலில் வரும்.

சோதனை போடும் சப்-இன்ஸ்பெக்டர் சீல் இருக்கிறதா, தேதி ஓடுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். அந்த சீல் கம்பெனி சீலா, சந்துக்கடையில் செய்த சீலா என்று நடுரோட்டில் அவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பதில் வருவதற்குள் வண்டி எந்த ஊரில் இருக்குமோ!

இப்போது அப்படி இல்லை. பணம் கட்டியதும் கம்பெனி கம்ப்யூட்டரில் பாலிசி ஏறுகிறது. அங்கிருந்து விவரங்கள் ஐதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் தகவல் நிலையத்துக்கும், மத்திய அரசின் 'வாகன்' பதிவேட்டுக்கும் போகின்றன. ஆர்.சி., எப்.சி. எல்லாம் இருக்கும் அதே 'வாகன்'தான். போலீஸ்காரர் மிஷின் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அங்கே சரியாக இருந்தால் பேப்பரே கேட்கக்கூடாது என்று 2020 அக்டோபர் 1 முதல் விதியும் இருக்கிறது.

நீங்களும் பார்க்கலாம். செல்போனில் 'எம்-பரிவாகன்' ஆப்பில் உங்கள் வண்டி நம்பரைத் தட்டினால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். காசு கிடையாது.

ஒரு எழுத்து போச்சு!

பணம் கட்டியும் பதிவு ஏறாமல் போவது எப்படி?

சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் 'பி' என்ற எழுத்தை '8' என்று அடித்துவிட்டால் போதும். கம்பெனி அனுப்பிய பதிவும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவும் ஒட்டாது. பணம் போய்ச் சேர்ந்திருக்கும். பாலிசியும் இருக்கும். ஆனால் மிஷினில் போன வருஷத் தேதியே நிற்கும்.

புது கார் வாங்குகிறவர்களுக்கு வேறு ஒரு கண்ணி. ரிஜிஸ்டர் ஆகும் முன்பே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அப்போது வண்டிக்கு நம்பர் ஏது? அந்தக் கட்டத்தில் 'நியூ' என்று போட்டுவிடுவார்கள். நம்பர் வந்தபின் அதைக் கம்பெனியிடம் சொல்லிப் பாலிசியில் ஏற்ற வேண்டும். சந்தனம், குங்குமம் வைக்கிறோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். இதை மட்டும் மறந்துவிடுகிறோம்!

இந்தத் திருத்தத்துக்கு 'எண்டார்ஸ்மெண்ட்' என்று பெயர். எழுதிக் கொடுத்து, ஆர்.சி. காப்பியும் கொடுத்தால் போட்டுத் தருவார்கள்.

மணியைப் பாருங்க!

காலை 11 மணிக்கு விபத்து. மதியம் 3 மணிக்கு அவசர அவசரமாக இன்சூரன்ஸ். 'இன்னிக்குத் தேதிதானே, செல்லாதா?' என்று கேட்கிறவர்கள் உண்டு.

ஒரு காலத்தில் செல்லியது! பாலிசியில் தேதி மட்டும் இருந்தால், அந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் இருந்தே அது அமுல் என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கம்பெனிகள் விழித்துக்கொண்டன. தேதியோடு மணியையும் போட ஆரம்பித்தன. மணி போட்டிருந்தால் அந்த மணியில் இருந்துதான் என்று பின்னால் வந்த தீர்ப்புகள் சொல்லிவிட்டன. இப்போது பாலிசி போட்ட மணி, நிமிஷம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. 3 மணி பாலிசி 11 மணி விபத்துக்கு உதவாது.

இன்னொன்று. பணம் வந்து சேர்ந்தால்தான் இன்சூரன்ஸ். கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால், கம்பெனி பாலிசியை ரத்து செய்து கடிதம் அனுப்பிவிடும். பேப்பர் மட்டும் டேஷ்போர்டில் பத்திரமாக இருக்கும்.

பழைய கார் வாங்கியாச்சா?

கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் அதிகம் மாட்டுவது இதில்தான். பழைய கார் வாங்குவார்கள். பணம் கைமாறும். சாவி கைமாறும். பெயர் மட்டும் மாறாது. 'மெதுவா மாத்திக்கலாம்' என்று இரண்டு பேருமே சும்மா இருந்துவிடுவார்கள்.

விற்றவருக்கு ஆபத்து: ஆர்.சி.யில் யார் பெயரோ, அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் காரும் அதன் பிறகு இரண்டு, மூன்று கை மாறிய கார்தான். கடைசியில் நஷ்ட ஈடு முதல் ஆள் தலையில் விழுந்தது! வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வாங்கியவருக்கு ஆபத்து: வாங்கிய 14 நாளைக்குள் இன்சூரன்சைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும், அடிபட்ட மூன்றாம் மனிதருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் உங்கள் கார் நசுங்கினால்? பைசா வராது. இதை 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

'நோ கிளைம் போனஸ்' விஷயத்திலும் ஒரு புரட்டு நடக்கிறது. ஒரு வருஷம் கிளைம் வாங்காதவருக்கு வண்டிச் சேத பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. 5 வருஷம் வாங்காவிட்டால் 50 சதவீதம். இந்தச் சலுகை ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. பழைய கார் வாங்கியவர் 'காரோட போனசும் வந்துச்சு' என்று நினைத்தால் தப்பு. போன வருஷம் பம்பர் மாற்றக் கிளைம் வாங்கியதை மறைத்துவிட்டு, வேறு கம்பெனிக்குப் போய்ப் போனஸ் கேட்கிற பேர்வழிகளும் உண்டு. பாலிசி போடும்போது கம்பெனி சும்மா இருக்கும். நீங்கள் கிளைம் கேட்கும்போதுதான் பழைய கம்பெனியைக் கேட்கும்!

கலெக்டர் வசூல்

பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2 ஆயிரம் ரூபாய். மறு தடவை 4 ஆயிரம். 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. 'ரெண்டாயிரம்தானே' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

ஆள் அடிபட்டால் வழக்கு விபத்து நஷ்ட ஈட்டு டிரிபியூனலுக்குப் போகும். சென்னையில் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் நடக்கிறது. இறந்தவர் வயது, சம்பளம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத் தீர்ப்பு சொல்வார்கள். சம்பாதிக்கிற வயதுக்காரர் என்றால் தொகை லட்சக்கணக்கில் போகும். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் நீங்கள். கட்டவில்லை என்றால் நில வரி பாக்கியை வசூலிக்கிற மாதிரி கலெக்டர் மூலம் வசூல். வீடு, கடை எல்லாம் அதில் அடக்கம்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தும் டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால்? கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களைத் துரத்தும். மச்சினனிடமும் கடைப் பையனிடமும் சாவியைக் கொடுக்கிறவர்கள் கவனிக்க!

அடிபட்டவர் பக்கமும் இந்தப் பதிவை நம்பித்தான் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை டிரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும். வண்டி நம்பரை வைத்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்தால்தான் வழக்கு நகரும். பதிவில் எழுத்து தப்பினால், அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதருக்கும் தாமதம்.

சரி, மவுண்ட் ரோடு கார்க்காரர்?

அவர் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். 'ஸ்விட்ச் ஆப்'. கடைசியில் போலீஸ்காரரே ஒரு வழி சொன்னார். 2015 டிசம்பருக்குப் பிறகு வந்த பாலிசிகளில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். அதை செல்போனில் பிடித்தால் கம்பெனியின் பதிவு திறக்கும். திறந்தது. பாலிசி இருந்தது. பணமும் சேர்ந்திருந்தது. கார் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறி இருந்தன.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா கம்பெனிக்குப் போய் மாத்திடுங்க சார். வேற இடத்துல நிறுத்தினா மறுபடியும் இதே கதைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, போலீஸ்காரர் அடுத்த வண்டிக்குக் கை காட்டினார்.