முன் ஸ்ப்ராக்கெட்டில் கை வைக்கும் முன்

வடக்குத்திலிருந்து நெய்வேலிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் வண்டிகளின் செயினில் ஒரு கறுப்புப் பசை ஏறிக்கொண்டே இருக்கும். செயின் எண்ணெயில் ஊறிய சுரங்கப் புழுதியும் அனல்மின் நிலையச் சாம்பலும்தான் அது. சாம்பலில் சிலிக்கா உண்டு. உப்புத்தாள் செய்யும் வேலையை அது செய்யும். அதிகம் அடிபடுவது எஞ்சினை ஒட்டியுள்ள சின்னப் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட். முன்னே 14 பல், பின்னே 42 பல் உள்ள வண்டியில் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 26 சுற்று.

பல் கூராகி ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பழைய செயினை வைத்துக்கொண்டு இதை மட்டும் மாற்றுவது வீண்செலவு. நீண்டுபோன செயின் புதுப் பல்லையும் சீக்கிரம் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த முழு செட்டையும் நாமே மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு வேலை ஒன்றும் கடினமில்லை. ஆபத்தெல்லாம் சில்லறைச் சாமான்களில் இருக்கிறது.

செயினைக் கழற்றிய பிறகு முன் ஸ்ப்ராக்கெட்டின் பெரிய நட்டில் கை வைப்பவர்கள், பல்சக்கரம் சுற்றாமல் நிறுத்தப் பல்லிடுக்கில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகுகிறார்கள். அலுமினிய கிராங்க் கேஸ் விரிசல் விட அது போதும். செயின் இருக்கும்போதே, இன்னொருவர் பின் பிரேக்கை மிதித்திருக்க, நட்டைத் தளர்த்த வேண்டும். சில பழைய வண்டிகளில் அது இடப்புற மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கையேட்டைப் பாராமல் பலத்தைக் காட்டாதீர்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரை ஒருமுறை மடித்தபின் மறுபடி மடித்தால் உடையக்கூடும். புதிதே போடுங்கள்.

இதைவிட மோசமானது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக். அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். “மூடிய முனை முன்பக்கம்” என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். செயினின் மேல்வரிசை முன்னோக்கி ஓடுகிறது, கீழ்வரிசை பின்னோக்கி. கீழே மாட்டினால் மூடிய முனை பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போன கிளிப் எதிலாவது உரசினால் கழன்றுவிடும். ஓட்டத்தில் அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டால் கேஸ் உடையும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ரிவிட் அடித்த ஓ-ரிங் செயினுக்குத் தனிக் கருவி வேண்டும். அதை வீட்டில் தொடவே வேண்டாம்.

அடுத்தது விரல். டபுள் ஸ்டாண்ட் போட்டு, கியரில் எஞ்சினை ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. துணி பல்லுக்குள் போனால் விரலும் கூடவே போகும். ஐடிலில் ஓடும் எஞ்சின் விரலுக்காக நிற்காது. அணைத்த வண்டியின் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினாலும் இதே கதி. சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் 420, 428 எண்களைக் குழப்ப வேண்டாம். இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் 12.7 மி.மீ. தான், உள்ளகலம்தான் வேறு, 6.35 மற்றும் 7.94 மி.மீ. அகலச் செயின் ஒல்லிப் பல்லில் ஏறிவிடும், ஆனால் ஆடும். செயின் தளர்வையும் கையேட்டு அளவில் வையுங்கள். இருவர் உட்கார்ந்தால் செயின் மேலும் இறுகும். ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கும் ஆயில் சீலும் போகும்.

கழற்றிய செயின் கவரை மூலையில் போட்டுவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மட்டுமல்ல, செயினிலும் சிக்கும்.

பிரேக்கை மிதிக்க ஓர் ஆள், புது லாக் வாஷர், நட்டை அளவாக இறுக்க டார்க் ரெஞ்ச், வண்டியின் கையேடு ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் வண்டியை மெக்கானிக்கிடமே விடுங்கள்.