ஒலுவிலுக்கு உல்லாசப் படகு வருமா?

உல்லாசப் படகை வாடகைக்கு விடுபவருக்கு அது கட்டிக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் நட்டமே. ஆகவே அமைதியான கடலைத் தேடிப் படகை நகர்த்துகின்றனர். தென்மேல் பருவக்காற்றில் காலி, மிரிஸ்ஸக் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிறது. அறுகம்குடாவுக்கு உல்லாசப் பயணிகள் திரள்வதும் அம்மாதங்களிலேயே.

ஆனால் படகு ஒதுங்கத் துறை வேண்டுமே! டென்மார்க் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் அதற்குப் பொருத்தமாயிருந்திருக்கும். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அலைதடுப்பு மறித்தது. வாயில் தூர்ந்தது; வடபுறத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது, தென்னந்தோட்டங்களும் போயின. மீனவர் படகுகளே திணறிய வாயிலில், நீருக்குள் ஆழ்ந்திறங்கும் பாய்ப்படகு எவ்வாறு நுழையும்? ஒருமுறை மணல் அகழ்ந்தாலும் மீண்டும் சேரும். தொடரும் அச்செலவை யார் ஏற்பதென்பதைக் கல்முனை வர்த்தகர்கள் படகு வாங்குமுன் கேட்டறிய வேண்டும். கரையிழந்தோருக்கும் அவ்விடையில் பங்குண்டு.