உங்களுக்குத் தெரியுமா? மாடு கேட்கும் பிறந்த வீடு

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் ‘தெலேக்கா’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. கணவனிடம் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்த மகளைத் தகப்பன் சும்மா திருப்பி அனுப்பமாட்டார். கணவன் வீட்டார் வந்து, பேசி, மாடு கொடுத்தாக வேண்டும். பெண்ணுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அது பெரிய துணைதான். ஆனால் மாடு சேர்வது தகப்பன் தொழுவத்தில், அவள் திரும்புவதோ அடித்தவனிடம். இது நெஞ்சை உறுத்துகிறது.

அதே நாட்டில் இன்று வேறொரு வழியும் உண்டு. அங்கே 1998-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டப்படி, வழக்கமுறைத் திருமணம் செய்தவளும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தானே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஆணையோடு கைது வாரண்டும் எழுதப்பட்டு நிறுத்திவைக்கப்படும். கணவன் ஆணையை மீறினால், அந்த வாரண்டையும் நடந்ததைச் சொல்லும் பிரமாண வாக்குமூலத்தையும் அவள் போலீசிடம் கொடுக்கலாம்.