பயிலரங்க மொழியும் பாலின அடையாளமும்: சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மனநலம், அடையாளம், ஒடுக்குமுறை ஆகியவற்றை ஒருங்கே பேசும் விழிப்புணர்வுப் பயிலரங்குகள் காவல்துறையிலும் கல்வி நிறுவனங்களிலும் பணியிடங்களிலும் நடத்தப்பெறுகின்றன. அவற்றின் சட்டப் பின்புலத்தையும், அவை தமிழில் நிகழும்போது எழும் சொல், விகுதி, மரியாதை வழக்கு சார்ந்த சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பயிலரங்கு, மனநலம், பாலின அடையாளம், தன்பாலீர்ப்பு, மரியாதைப் பன்மை, உளப்பாட்டுப் பன்மை.

முன்னுரை

ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் 2021ஆம் ஆண்டு மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தனர். அவர்களைக் காணவில்லை என்று பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் அளித்தனர். தம்மைக் காவல்துறை துன்புறுத்தாதிருக்க ஆணையிடுமாறு அப்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், முதலில் அவ்விருவரையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். பின்னர், இப்பொருளில் தமக்கே போதிய தெளிவில்லை என்பதை ஆணையிலேயே பதிவு செய்து, தாமும் அவ்வுளவியலாளரிடம் கற்க முன்வந்தார். அவ்வாண்டு சூன் 7 அன்று வழங்கப்பெற்ற ஆணை, காவல்துறை, சிறைத்துறை, நீதித்துறை, மருத்துவத்துறை, கல்வி நிறுவனங்கள், அரசு மற்றும் தனியார் பணியிடங்கள், பெற்றோர் என்று பல தரப்பினர்க்கும் விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் எனப் பணித்தது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளுக்கும் தடை விதித்தது.

சட்டப் பின்புலம்

பயிலரங்கு நடத்துவது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது முழுமையான உண்மையன்று. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குறிப்பிட்ட இடைவெளிகளில் பயிலரங்கு நடத்துவதை வேலையளிப்பவரின் கடமையாக்கியுள்ளது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதன் 30ஆம் பிரிவு, காவலர் உள்ளிட்ட அரசு அலுவலர்க்குக் காலமுறைப் பயிற்சி அளிக்குமாறு அரசைப் பணிக்கிறது. 18ஆம் பிரிவு, மனநலச் சேவை பெறுவதில் பாலினம், பாலீர்ப்பு, சாதி முதலிய எவ்வேறுபாடும் கூடாது என்கிறது. சமூகத்தின் ஒழுக்க நெறிக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதைக் கொண்டு அவர்க்கு மனநோய் உண்டெனக் கணிக்கலாகாது என்பது அதன் 3ஆம் பிரிவின் கருத்தாகும். மகளின் காதலை ‘நோய்’ எனக் கருதி மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் அறிய வேண்டிய பிரிவு இதுவே.

தீர்ப்பினைத் தொடர்ந்து நிகழ்ந்த மாற்றங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இச்சமூகத்தினரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி, தமிழ்நாடு காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பெற்றது. அதே ஆண்டில், இச்சமூகத்தினரைக் குறிக்கும் மதிப்பார்ந்த சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது.

துன்பத்தின் இடம்

மனநலத்தையும் ஒடுக்குமுறையையும் ஒரே அமர்வில் ஏன் பேச வேண்டும் என்ற வினா இயல்பானது. இலன் மேயர் என்னும் ஆய்வாளர் 2003இல் விரித்துரைத்த ‘சிறுபான்மையர் அழுத்தம்’ என்னும் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. இழிவுபடுத்தப்படுதல், இழிவை எதிர்பார்த்தே வாழ்தல், தன்னை மறைத்துக்கொள்ளுதல், பிறரது வெறுப்பைத் தன்மீதே ஏற்றுக்கொள்ளுதல் ஆகியவை அன்றாடம் கூடிச் சுமையாகின்றன. ஆகவே துன்பத்தின் வேர் அடையாளத்தில் இல்லை; அதனைச் சூழ்ந்துள்ளவர்களின் நடத்தையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர்க்கு மட்டும் ஆலோசனை வழங்கிவிட்டு உடன் பணிபுரிவோரை அப்படியே விட்டுவிடுவது, கூரை ஒழுகும் வீட்டில் நனைந்தவர்க்கு மட்டும் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

சொல்லும் விகுதியும்

தமிழில் பயிலரங்கு நடத்துவோர் முதலில் எதிர்கொள்வது சொற்சிக்கலாகும். ‘மன அழுத்தம்’ என்பது தேர்வுக்கால நெருக்கடியையும் மாதக்கணக்கில் நீடிக்கும் நோய்நிலையையும் ஒருசேரக் குறிக்க வழங்குகிறது. பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் சொல் இருப்பினும் அது வெறும் களைப்பாகவே செவியில் விழுகிறது. திருநங்கை, திருநம்பி, திருநர், ஊடுபால், தன்பாலீர்ப்பு முதலிய சொற்கள் ஓரளவு வேரூன்றிவிட்டன. இவற்றுள் எதனைத் தமக்கு ஏற்பது என்பதில் அச்சமூகத்தினரிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. பட்டியலை மனப்பாடம் செய்விக்கும் பயிலரங்குகள் இதனை மறந்துவிடுகின்றன.

விகுதிச் சிக்கல் இதனினும் ஆழமானது. பாலினம் திரிந்தோரைக் குறிக்கும் பெயர்கள் தமக்கெனத் தனி ஈறு பெறாமல் உயர்திணைப் பால்களின் ஈறுகளையே கொள்ளும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்தாகும். இலக்கணம் அவர்களை உயர்திணையில் நிறுத்தியது; ஆனால் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் இரண்டனுள் எது என்னும் வினை முடிபுச் சிக்கலை வழக்கிற்கே விட்டுவிட்டது.

ஆங்கிலப் பயிலரங்குகளில் பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தம் பெயரோடு தமக்குரிய சுட்டுப்பெயரையும் கூறுவது வழக்கம். கட்டுரையாளர் உதவியாளராகப் பங்கேற்ற, கல்லூரி ஆசிரியர்க்கான அரைநாள் பயிலரங்கிலும் இப்பயிற்சி அப்படியே தமிழாக்கி நடத்தப்பெற்றது. மூத்த பேராசிரியர் ஒருவர், “தமிழில் எல்லாரும் ‘அவர்’தானே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?” என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் கூற்றில் உண்மை உண்டு. மரியாதைப் பன்மையாகிய ‘அவர்’ பால் காட்டாது. ஆங்கிலம் அண்மையில் தேடிக்கொண்ட வசதி தமிழில் நெடுங்காலமாகவே உள்ளது. ஆயினும் அதற்கு விலை உண்டு. தாய் தன் பிள்ளையை ‘அவர்’ என்று சுட்டினால் அங்கு மதிப்பு தோன்றாது, விலகலே தோன்றும். அன்பிற்குரிய ஒருமையில் பால் காட்டாத வடிவம் தமிழில் இல்லை. தன்னை மகளாக உணரும் ஒருவர் வீட்டில் எதிர்பார்ப்பது ‘அவரை’ அன்று, ‘அவளை’.

சற்று நேரத்தில் தேநீர் வந்தது. கொண்டுவந்த தற்காலிகப் பணியாளர் அவையிலிருந்தோர் பலரினும் வயதில் மூத்தவர். “அங்கே வை, போ” என்று பலரும் இயல்பாகக் கூறினர். தமிழில் ‘அவர்’ எல்லார்க்கும் உரியதன்று. சாதியும் பதவியும் பார்த்தே அது வழங்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பயிற்சித்தாளில் இத்தகைய வினாவிற்கு இடமே இல்லை. இவ்விடத்தில் நின்று பேசியிருக்க வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து. நின்று பேசவில்லை, கட்டுரையாளரும் வாய்திறக்கவில்லை.

தன்மைப் பன்மையும் கருதத்தக்கது. முன்னிலையாரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்னும் பாகுபாடு ஆங்கிலத்தில் இல்லை. பயிற்றுநர் “நாம் அவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்” என்று கூறும்போது, அவையில் தன்னை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருவர் அந்த ‘நாம்’ என்பதிலிருந்து ஓசையின்றி நீக்கப்படுகிறார். யார் பேசினாலும் அவையில் அத்தகையோர் இருக்கிறார் என்று கொண்டே வாக்கியம் அமைய வேண்டும்.

கால அளவு

நீதியரசர் தாமாகக் கற்க விரும்பினார், வினவினார், நேரம் எடுத்துக்கொண்டார். ஆணையின்பேரில் வந்தமர்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, சான்றிதழுடன் திரும்புவோரிடம் அதே விளைவை எதிர்பார்க்க இயலாது. மேற்சுட்டிய பயிலரங்கின் இறுதியில் இளம் விரிவுரையாளர் ஒருவர், மாணவர் ஒருவர் தம்மிடம் உண்மையைக் கூறி, வீட்டில் தெரிவிக்க வேண்டாம் என்று வேண்டினால் தாம் என்ன செய்வது என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட வினாக்களில் அதுவே மிகவும் தேவையானது. நேரம் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கலைச்சொல் விளக்கத்திற்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தில் பாதியைக் குறைத்து, இத்தகைய சூழல்களை ஆசிரியர்களே நடித்துப் பார்க்கவும், யாருடைய ஒப்புதலின்றி யாரிடம் எதைக் கூறலாகாது என்பதை வகுத்துக்கொள்ளவும் வழங்கியிருக்கலாம்.