பால்மாவிலிருந்து பசுப்பாலுக்கு: எப்போது, எவ்வாறு?

குழந்தையின் முதலாவது பிறந்தநாள் நெருங்கும்போது புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாது எழுகின்றது. பால்மாவை நிறுத்திவிட்டுக் கடையில் விற்கும் பசுப்பாலைக் கொடுக்கலாமா? கொடுப்பதாயின் எந்த மாதத்தில் தொடங்குவது? ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அம்மம்மா, "உங்களுக்கெல்லாம் ஆறு மாசத்திலேயே பசுப்பால்தான் தந்தனாங்கள், ஒண்டும் நடக்கேல்லையே" என்கின்றார். கடைத் தட்டிலோ மூன்றாம் இலக்கம் பொறித்த ரின், ஒரு வயதுக் குழந்தைக்கு இதுவே உகந்தது என்கின்றது. கனடாவில் வாழும் தங்கை ஒன்பதாம் மாதத்தில் தொடங்கினாராம். இலண்டன் தாதியோ பன்னிரண்டு மாதம் பொறுக்கச் சொல்கின்றார். யார் சொல்வதைக் கேட்பது?

இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. அவ்விடைக்குரிய காரணங்களை அறிந்துகொண்டால், ஆலோசனைகள் ஏன் வேறுபடுகின்றன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பால்மா என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு பொருட்களைக் குறிக்கின்றது. ஒன்று, கைக்குழந்தைகளுக்கென்றே புரதமும் உப்புகளும் குறைக்கப்பட்டு, இரும்பும் விற்றமின்களும் சேர்க்கப்பட்ட மா. மற்றையது அங்கர், நெஸ்பிறே போன்ற, வீட்டில் தேநீருக்குக் கரைக்கும் முழு ஆடைப் பால்மா. இது நீர் அகற்றப்பட்ட பசுப்பாலே தவிர வேறன்று. மா வடிவில் இருப்பதால் இது குழந்தைக்கு ஏற்றது என எண்ணித் தமிழ்க் கடையில் வாங்கிக் கரைத்துக் கொடுப்பது தவறாகும். பசுப்பாலுக்குக் கீழே சொல்லப்படும் விதிகள் யாவும் இதற்கும் பொருந்தும். இனிப்பூட்டிய ரின்பால் எந்த வயதிலும் குழந்தையின் பாலாகாது. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், ரின்பாலூட்டப்பட்ட குழந்தைகளின் இறப்பைக் கொலைக்கு ஒப்பிட்டு உரையாற்றினார்.

ஏன் ஒரு வயது?

முதற் காரணம் இரும்புச் சத்து. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளும் இரும்பு, பிறந்து ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கே போதுமானது. நிறை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தைகளுக்கு இச்சேமிப்பு இன்னும் விரைவாகத் தீர்ந்துவிடும். அதன்பின் ஏழு முதல் பன்னிரண்டு மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென வட அமெரிக்க நாடுகளின் அளவுகோல் கூறுகின்றது. ஒரு லீற்றர் பசுப்பாலில் இருப்பதோ அரை மில்லிகிராம் மாத்திரமே. அதிலும் மிகச் சிறு பங்கையே குழந்தையின் குடல் உறிஞ்சுகின்றது. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான்; எனினும் அது நன்றாக உறிஞ்சப்படுகின்றது. மேலும், பசுப்பாலிலுள்ள கல்சியமும் கேசீன் என்னும் புரதமும் ஏனைய உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதையும் தடுக்கின்றன.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு வயது நிறையாத சில குழந்தைகளின் குடலில் பசுப்பால் மிக நுண்ணிய இரத்தக் கசிவை உண்டாக்குகின்றது. மலத்தில் நிறமாற்றம் தெரியாது. ஆயினும் நாள்தோறும் சிறிது சிறிதாக இரும்பு வெளியேறிக்கொண்டிருக்கும். வயது கூடக்கூட இக்கசிவு மறைந்துவிடுகின்றது.

மூன்றாவது காரணம் சிறுநீரகம். 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் உள்ளது. அதே அளவு பசுப்பாலில் மூன்று கிராமுக்கு மேல் உண்டு, உப்புகளும் அதிகம். கன்று விரைந்து வளர வேண்டியது. அதற்கேற்ற பால் அது. முதிர்ச்சியடையாத சிறுநீரகம் இச்சுமையை வெளியேற்றக் கூடுதல் நீரைச் செலவிடுகின்றது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் குழந்தையின் உடல் விரைவாக வறண்டுபோகும்.

இவற்றுள் பெற்றோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது இரும்புக் குறைபாட்டையே. முதலிரண்டு ஆண்டுகளில் மூளை வேகமாக வளர்கின்றது. அக்காலத்தில் நீடிக்கும் இரத்தச் சோகை பிள்ளையின் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கக்கூடும். பின்னர் மருந்து கொடுத்து இரத்தத்தைச் சீர்செய்தாலும் அப்பாதிப்பு முழுமையாக நீங்காமற் போகலாம்.

நாடுகள் சொல்வதென்ன?

பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பன்னிரண்டு மாதம் நிறைந்த பின்னரே பசுப்பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டுமென்பது விதி. கனடாவில் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், இரும்புச் சத்துள்ள உணவைப் பிள்ளை ஒழுங்காக உண்ணத் தொடங்கிய பின் கொடுக்கலாம் என்கின்றனர். ஜேர்மனியில் ஆறாம் மாதமளவில் தொடங்கும் பாற்கஞ்சியில் நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் பசுப்பால் சேர்க்கப்படுகின்றது. பானமாகக் கொடுப்பது ஒரு வயதின் பின்னரே. பிரித்தானியாவிலும் ஆறு மாதத்தின் பின் உணவிற் கலந்து சமைப்பதற்குத் தடையில்லை. ஆகவே முரண்பாடு போலத் தோன்றுவது உண்மையில் முரண்பாடன்று. சமையலிற் சிறிது சேர்ப்பது வேறு. பால்மாவுக்குப் பதிலாகப் போத்தல் போத்தலாகக் குடிக்கக் கொடுப்பது வேறு.

அம்மம்மா சொல்வதிலும் பொருள் இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, தாய்ப்பால் பெறாத ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகளுக்குப் பால்மாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்கின்றது. பால்மா கிடைக்காத, தூய நீர் இல்லாத நாடுகளையும் உள்ளடக்கி உலகம் முழுவதற்கும் எழுதப்பட்ட வழிகாட்டி அது. பால்மாவும் நல்ல நீரும் கிடைக்கும் நாட்டில் வாழும் நாம் ஓராண்டு நிறையும் வரை காத்திருப்பதே பாதுகாப்பானது. அதே வழிகாட்டி, ஒரு வயதின் பின் தொடர்நிலைப் பால்மா தேவையில்லை என்றும் கூறுகின்றது. தாய்ப்பால் கொடுக்கும் அன்னையர் இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் தொடரலாம். பிரான்சில் பல வைத்தியர்கள் வளர்ச்சிப் பால் எனப்படும் மூன்றாம் இலக்க மாவை எழுதிக் கொடுப்பதுண்டு. அதில் இரும்பு சேர்க்கப்பட்டிருப்பது உண்மையே. எனினும் நன்றாக உண்ணும் பிள்ளைக்கு அது கட்டாயமன்று, விலையும் அதிகம்.

மாற்றும் முறை

பால்மா அருந்தி வளர்ந்த குழந்தை பசுப்பாலின் புரதத்துக்கு ஏற்கெனவே பழகியது. எனவே ஒரேநாளில் மாற்றினாலும் தீங்கில்லை. சுவை பிடிக்காவிட்டால் முதலில் ஒரு வேளைப் பாலை மட்டும் மாற்றலாம். அல்லது கரைத்த பால்மாவுடன் சிறிது பசுப்பாலைக் கலந்து, ஓரிரு வாரங்களில் அளவைக் கூட்டலாம். சீனி சேர்க்கக்கூடாது. நீர் விட்டுக் கலக்குவதும் வேண்டாம்; ஒரு வயதுப் பிள்ளைக்கு அதனாற் பயனில்லை.

ஊரில் பாலைக் காய்ச்சாமற் குடிப்பதில்லை. இங்கு கடைகளில் விற்கும் பால் கிருமி நீக்கப்பட்டதாகையால் காய்ச்ச வேண்டியதில்லை. நெடுநாள் கெடாத பெட்டிப் பாலும் ஏற்றதே. ஆனால் சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் பண்ணைகளிலும் தானியங்கிகளிலும் விற்கப்படும் பச்சைப் பாலைக் கட்டாயம் காய்ச்ச வேண்டும்.

பால் கொடுக்கும் பாத்திரத்தையும் மாற்றுவதற்கு இதுவே தருணம். சூப்பிப் போத்தலை விடுத்துக் கோப்பையிற் பழக்க வேண்டும். இரவில் போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் பிள்ளையின் முன்பற்கள் விரைவிற் சொத்தையாகின்றன.

போத்தல் மூடியின் நிறம்

நாடு மாறி வந்த குடும்பங்கள் அவதானிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இரண்டு வயது வரை குழந்தைக்கு முழு ஆடைப் பாலே வேண்டும். பிரித்தானியாவில் நீல மூடி முழு ஆடைப் பாலையும், பச்சை மூடி பாதி ஆடை நீக்கிய பாலையும், சிவப்பு மூடி ஆடை நீக்கிய பாலையும் குறிக்கும். பிரான்சிலோ சிவப்பு நிறமே முழு ஆடைப் பால். நீலம் பாதி ஆடை நீக்கியது. பிரான்சிலிருந்து இலண்டனுக்கு இடம்மாறியவர் பழக்கத்திற் சிவப்பு மூடியை எடுத்தால், கொழுப்பே இல்லாத பாலைக் குழந்தைக்குக் கொடுத்தவராவார். கனடாவில் 3.25 வீதம் என எழுதியிருப்பதைத் தேடுக. ஜேர்மன் மொழியில் 'வோல்மில்ஷ்', நோர்வேயில் 'ஹெல்மெல்க்' என்பன முழு ஆடைப் பாலைக் குறிக்கும். டென்மார்க்கில் அதன் பெயர் இனிப்புப் பால் எனப் பொருள்பட்டாலும் அதிற் சீனி இல்லை.

ஆட்டுப்பால் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பழக்கமானது. அதுவும் ஒரு வயதின் பின் கிருமி நீக்கியதாயின் கொடுக்கத்தக்கதே. ஆனால் பசுப்பால் ஒவ்வாத பிள்ளைக்கு அது மாற்றாகாது; பெரும்பாலும் அதுவும் ஒவ்வாது. தேங்காய்ப்பால் கறிக்குரியது. அரிசிப் பானத்தை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது என்பது பிரித்தானிய அறிவுறுத்தல். அதில் ஆசனிக் கலந்திருக்கக்கூடும் என்பதே காரணம்.

பாலே உணவாகிவிடலாகாது

"சோறு தின்னமாட்டான், ஆனாலும் பால் நல்லாக் குடிப்பான்" என்று நம்மவர் ஆறுதலாகச் சொல்வதுண்டு. உண்மையில் அவன் சோறு தின்னாததற்கு அந்தப் பாலே காரணமாயிருக்கும். ஒரு வயதின் பின் நாளுக்கு 350 முதல் 500 மில்லிலீற்றர் போதும். தயிர், பாலாடைக்கட்டி உண்பதாயின் இன்னும் குறையலாம். 750 மில்லிலீற்றரை ஒருபோதும் தாண்டக்கூடாது என்பது கனேடிய எல்லை.

இரும்பு தட்டிலிருந்தே வரவேண்டும். மீன், கோழி, ஆட்டிறைச்சி, முட்டை ஆகியன சிறந்தவை. மரக்கறி உண்ணும் குடும்பங்களில் மைசூர்ப் பருப்பு, பயறு, கடலை, கீரை என்பவற்றைத் தேசிக்காய்ப்புளி அல்லது தக்காளியுடன் கொடுத்தால், அவற்றிலுள்ள விற்றமின் 'சி' இரும்பை உடலிற் சேர்க்கும். பாலைச் சாப்பாட்டுடன் கொடுக்காமல் இடைவேளையிற் கொடுப்பது நன்று. பிள்ளையின் பாலில் இரண்டு கரண்டி தேநீர் விடும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். தேயிலைச் சாயம் இரும்பைத் தடுக்கின்றது.

பால்மாவை நிறுத்தும்போது பலர் மறப்பது விற்றமின் 'டி'யை. பால்மாவில் அது சேர்க்கப்பட்டுள்ளது. கனடாவில் பசுப்பாலிலும் அதைச் சேர்ப்பது சட்டம். பிரித்தானியாவின் சாதாரண பசுப்பாலில் அது சேர்க்கப்படுவதில்லை. வெயில் குறைந்த வடநாடுகளில் கருநிறத் தோலுடைய நம் பிள்ளைகளுக்கு என்புருக்கி நோய் வரும் ஆபத்து அதிகம். எனவே பால்மா நின்ற அன்றே விற்றமின் துளிகள் தொடங்கப்பட வேண்டும். பிரித்தானியாவில் ஐந்து வயது வரை இத்துளிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

கைப்பணம் குறையும்போது

அகதி விண்ணப்பம் முடிவாகாத குடும்பங்களுக்கு இது பணப் பிரச்சினையுமாகும். பிரித்தானியப் புகலிட உதவித் தொகையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குரிய மேலதிகப் பணம், முதலாவது பிறந்தநாளுடன் குறைந்துவிடும். அந்நாளுக்குள் பசுப்பாலுக்கு மாறிவிட்டால் இக்குறைப்பைச் சமாளிக்க முடியும். ஐக்கிய அமெரிக்காவின் 'விக்' திட்டத்திற் குடியுரிமை கேட்கப்படுவதில்லை. அங்கும் ஒரு வயதிற் பால்மா நின்று பால் வழங்கப்படுகின்றது.

அதற்குமுன் பணம் போதாமற் போனால் பால்மாவில் நீரைக் கூட்டிக் கரைக்கவே கூடாது. அது பசியையும் உடலில் உப்புக் குறைவையும் உண்டாக்கும், வலிப்புக்கூட வரலாம். மலிவான பெயருடைய ரின்னை வாங்குவதில் வெட்கமில்லை. எல்லா முதல்நிலைப் பால்மாக்களும் சட்டப்படி குழந்தைக்குப் போதிய போசாக்கைக் கொண்டிருக்க வேண்டும். பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2025இல் இதை வலியுறுத்தியதோடு, இவ்வாறு மாறுவோர் முதலாண்டில் ஏறக்குறைய 300 பவுண்கள் சேமிக்கலாம் எனவும் குறிப்பிட்டது. இரண்டாம் இலக்க ரின்னும் தேவையில்லை. முதலாம் இலக்கமே ஓராண்டு வரை போதும். அப்படியும் முடியாதெனில் ஒன்பது, பத்து மாதக் குழந்தையின் நிலையைத் தாதியிடம் மறைக்காது சொல்லி உதவி பெற வேண்டும்.

வைத்தியரை நாட வேண்டிய வேளை

பசுப்பால் குடித்ததும் தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஏற்பட்டாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். பிள்ளை வெளிறிச் சோர்ந்திருத்தல், மண்ணோ கடதாசியோ தின்னுதல் இரத்தச் சோகையின் அடையாளங்களாகலாம். மலச்சிக்கல் பெரும்பாலும் மிகையான பாலின் விளைவு. மாதம் நிறையாமற் பிறந்த குழந்தைக்கு எந்நாளிலிருந்து வயதைக் கணக்கிடுவது என்பதையும் வைத்தியரே கூற வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குத் தனியாக நாள் குறிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் நடைபெறும் சுகாதாரச் சோதனையும், ஜேர்மனியில் பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் நடைபெறும் ஆறாவது சோதனையும் சரியாக இக்காலத்திலேயே வருகின்றன. பிரான்சில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான 'பே.எம்.ஈ.' நிலையங்களிற் கட்டணமில்லை. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறுக. குழந்தை நாளொன்றுக்கு எத்தனை மில்லிலீற்றர் பால் குடிக்கின்றது, என்னென்ன உண்கின்றது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. தாதி முதலிற் கேட்பது அதையே.